டிபி போட்டோவை யாரெல்லாம் பார்க்கிறார்கள்? மார்ஃபிங் மிரட்டல் வந்தால் உடனே செய்ய வேண்டியது என்ன?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறியதும் முதலில் வெளியே வருவது செல்போன் கேமராதான். ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வாசலூர்பட்டி படகு இல்லம் என்று போகிற இடத்தில் எல்லாம் செல்ஃபி, குரூப் போட்டோ, குழந்தைகள் படகில் உட்கார்ந்திருக்கும் வீடியோ. மலையை விட்டு இறங்குவதற்குள் அதில் ஒன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகிவிடும். இன்னொன்று டிபி ஆகிவிடும்.

சுற்றுலா வருபவர்கள் மட்டும் அல்ல. மலையிலேயே இருப்பவர்களும் போன் வைத்திருக்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், பள்ளிக்கூடத்துக்கு ஒரு குரூப், மிளகு, காபி விலை கேட்க ஒரு குரூப். ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் வட்டமாக ஒரு முகம்.

அந்த முகத்தை யார் பார்க்கிறார்கள், யார் சேமித்து வைக்கிறார்கள், அதை வைத்து யாராவது மிரட்டினால் எங்கே போவது? பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வி பிரச்சனை வந்த பிறகுதான் எழுகிறது. வந்ததும் கிடைக்கும் முதல் பதில், "நீ எதுக்கு போட்டோ போட்ட?" என்பதுதான். அந்தப் பதில் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

2016 சேலம் சம்பவம்: எங்கே தவறு நடந்தது?

2016 ஜூன் மாதம். கொல்லிமலைக்குப் பக்கத்து மாவட்டமான சேலத்தில், ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறு ஆபாசப் படத்தோடு ஒட்டி, மார்ஃபிங் செய்து ஃபேஸ்புக்கில் யாரோ பதிவேற்றினார்கள். குடும்பத்தினர் காவல்துறையிடம் போனார்கள். புகார் கொடுத்தும் படம் உடனே நீக்கப்படவில்லை. ஃபேஸ்புக் நிறுவனத்திடம் இருந்து விவரம் வர நாளாகும் என்று சொல்லப்பட்டது. அதற்குள் இன்னொரு படமும் வெளியானது. சில நாட்களில் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. சில நாட்களிலேயே குற்றம் சாட்டப்பட்ட இளைஞர் கைது செய்யப்பட்டார். விசாரணையில் இருந்த காவலர் ஒருவர் குடும்பத்தாரிடம் லஞ்சமாக செல்போன் கேட்டதாகவும் புகார் எழுந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நடந்த தாமதத்துக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது இதுதான். போட்டோ திருடப்பட்ட நாளில் ஓர் உயிரைக் காப்பாற்ற வழி இருந்தது. புகார் கொடுத்த நாளிலும் இருந்தது. இடைப்பட்ட நாட்களில்தான் அந்த வழி அடைபட்டது. வீட்டில் இருப்பவர்கள் தன்னை நம்பவில்லையே என்ற வேதனை அந்தப் பெண்ணுக்கு இருந்ததாக அப்போது வந்த செய்திகள் சொல்கின்றன.

அதாவது பிரச்சனையில் மூன்று தாமதங்கள் உள்ளன. வீடு நம்புவதற்கு ஆகும் தாமதம், காவல் நிலையம் நகர்வதற்கு ஆகும் தாமதம், சமூக வலைதள நிறுவனம் படத்தை எடுப்பதற்கு ஆகும் தாமதம். கடந்த பத்து ஆண்டுகளில் கடைசி இரண்டும் சட்டத்தின் மூலம் ஓரளவு குறைக்கப்பட்டுள்ளன. முதலாவதைக் குறைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

உங்கள் போட்டோவை இப்போது யாரெல்லாம் பார்க்க முடியும்?

முதலில் செட்டிங்ஸ். ஒவ்வொரு ஆப்பும் வேறு மாதிரி வேலை செய்கிறது. "பிரைவேட் போட்டுட்டேன், இனி கவலை இல்ல" என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்: செட்டிங்ஸ், பிரைவசி, ப்ரொஃபைல் போட்டோ என்று உள்ளே போனால் நான்கு வாய்ப்புகள் இருக்கும். எல்லோரும், என் காண்டாக்ட்ஸ் மட்டும், காண்டாக்ட்ஸில் சிலரைத் தவிர, யாரும் வேண்டாம். 'எல்லோரும்' என்பதில் இருந்தால், உங்கள் நம்பர் தெரிந்த யாரும் டிபியைப் பார்க்கலாம். ஒரே குரூப்பில் இருக்கும் முன்பின் தெரியாதவரும் பார்க்கலாம்.

'என் காண்டாக்ட்ஸ்' என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உங்கள் நம்பரை யார் சேமித்திருக்கிறார்கள் என்பது இங்கே கணக்கில்லை. நீங்கள் யார் நம்பரைச் சேமித்திருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. கேஸ் சிலிண்டர் போடுபவர், ஒரு முறை வந்த ஆட்டோ டிரைவர், எலக்ட்ரீஷியன் என்று சேமித்த எல்லோருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கும். வேலை முடிந்த நம்பர்களை அழிப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

வாட்ஸ்அப்பில் டிபியை ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாதபடி தடுப்பு வந்துள்ளது. நல்லதுதான். ஆனால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்து போட்டோ எடுத்தால் அந்தத் தடுப்பு ஒன்றும் செய்யாது. ஸ்டேட்டஸுக்கு பிரைவசி செட்டிங் தனி. டிபியை மாற்றினால் ஸ்டேட்டஸ் தானாக மாறாது.

ஃபேஸ்புக்: தற்போதைய ப்ரொஃபைல் படம் எப்போதும் பொதுவில்தான் இருக்கும். 2017 ஜூன் மாதம் இந்தியாவில்தான் முதன்முதலாக 'ப்ரொஃபைல் பிக்சர் கார்டு' என்ற வசதியை ஃபேஸ்புக் கொண்டு வந்தது. படத்தைச் சுற்றி நீல நிற ஓரம், கீழே கேடய அடையாளம், டவுன்லோடு செய்ய முடியாது. இந்தியப் பெண்கள் பலர் படம் தவறாகப் பயன்படுத்தப்படும் என்ற பயத்தில் முகத்தையே போடுவதில்லை என்று தெரிய வந்ததால்தான் இது இங்கே தொடங்கப்பட்டது. 2020 மே மாதம் 'லாக் ப்ரொஃபைல்' வசதியும் இந்தியாவுக்கு வந்தது. அதைப் போட்டால் நண்பர் பட்டியலில் இல்லாதவர்களால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது.

பலரும் மறக்கும் இடம் பழைய ப்ரொஃபைல் படங்கள். கல்லூரி முதல் ஆண்டில் போட்ட படம் இன்றும் அந்த ஆல்பத்தில் பொதுவில் கிடக்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்து, பார்ப்பவர்கள் யார் என்பதை மாற்ற வேண்டும். அரை மணி நேர வேலை.

இன்ஸ்டாகிராம்: கணக்கு பிரைவேட்டில் இருந்தாலும் ப்ரொஃபைல் படமும் பயோவும் எல்லோருக்கும் தெரியும். பயோவில் ஊர், கல்லூரி, பிறந்த தேதி மூன்றையும் போட்டிருந்தால், போலிக் கணக்கு தொடங்குபவருக்கு வேறு எதுவும் தேவையில்லை. சந்தேகமான ஃபாலோயரை நீக்கினால் அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. தயங்காமல் நீக்கலாம்.

டெலிகிராம்: புதிய டிபி வைத்தாலும் பழையது அழியாது. வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும். உங்கள் படத்தைத் தொட்டு நகர்த்துபவருக்குப் பழைய படங்கள் எல்லாம் தெரியும். ஒவ்வொன்றாக நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

கூகுள் கணக்கு: ஜிமெயிலுக்கு வைத்த படம், கூகுள் பே-யில் பணம் அனுப்பும்போதும் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். டீக்கடையில் 20 ரூபாய் அனுப்பினாலும் உங்கள் முகமும் பெயரும் சேர்ந்தே போகிறது. அங்கே பூவோ மலையோ படமாக இருந்தால் போதும்.

போட்டோவுக்குள் ஒளிந்திருக்கும் முகவரி

போன் கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், எந்த இடத்தில், எந்த நேரத்தில் எடுத்தது என்ற விவரம் படத்துக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று 'டாகுமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே சேர்ந்து போகும்.

இது இல்லாமலே இடத்தைச் சொல்லிவிடும் படங்களும் உண்டு. பள்ளிச் சீருடையில் உள்ள பேட்ஜ், வண்டி நம்பர் பிளேட், வீட்டு வாசலில் உள்ள கதவு எண், அலுவலக அடையாள அட்டை. குடும்பமே கொல்லிமலைக்கு வந்திருப்பதை அங்கிருந்தே ஸ்டேட்டஸ் போட்டால், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே சொன்ன மாதிரி. ஊர் திரும்பிய பிறகு போடலாம். அருவி எங்கேயும் போய்விடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலையில் அன்னாசி, பலா விற்கும் பெண்கள், வயலில் வேலை செய்பவர்கள், பள்ளிக்கு நடந்து போகும் குழந்தைகள் ஆகியோரை அனுமதி கேட்காமல் எடுத்து ரீல்ஸ் போடுவதும் ஒருவருடைய முகத்தைக் கேட்காமல் எடுப்பதுதான். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்க ஐந்து நொடி ஆகாது. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

ஏஐ வந்த பிறகு என்ன மாறியது?

2016-ல் மார்ஃபிங் செய்ய ஒருவருக்குக் கொஞ்சமாவது போட்டோ எடிட்டிங் தெரிந்திருக்க வேண்டும். இப்போது அது தேவையில்லை. ஒரே ஒரு தெளிவான டிபி போதும்.

2025-ல் ஜிப்லி பாணிப் படம், சேலை கட்டிய ரெட்ரோ படம் என்று ஏஐ டிரெண்டுகள் வரிசையாக வந்தன. லட்சக்கணக்கானோர் விளையாட்டாகத் தங்கள் முகத்தைக் கொடுத்தார்கள். அதே தொழில்நுட்பத்தின் மோசமான முகம் அந்த ஆண்டின் இறுதியில் தெரிந்தது. எக்ஸ் தளத்தில் பெண்கள் போட்ட சாதாரணப் படங்களுக்குக் கீழே, உடையை மாற்றிக் காட்டும்படி 'க்ரோக்' ஏஐ-யிடம் சிலர் கேட்க, அதுவும் ஆபாசமான படங்களை உருவாக்கிக் கொடுத்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. 2026 ஜனவரி 2-ம் தேதி மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் எக்ஸ் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, எடுத்த நடவடிக்கை பற்றி 72 மணி நேரத்தில் அறிக்கை கேட்டது. பிறகு அந்த நிறுவனம் கட்டுப்பாடுகளைக் கொண்டு வந்தது.

அந்தப் பெண்கள் அந்தரங்கப் படம் எதையும் போடவில்லை. முழு உடையில் இருந்த சாதாரணப் படங்கள்தான் அவை. "ஒழுங்கான போட்டோ போட்டால் பிரச்சனை வராது" என்ற வாதம் அங்கேயே உடைந்துவிட்டது.

கடன் ஆப்: கேலரியைத் திறந்துவிடும் சாவி

சிறிய தொகை கடன் தரும் ஆப்கள், இன்ஸ்டால் செய்யும்போதே காண்டாக்ட்ஸ், கேலரி என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டதும், பணம் கட்டத் தாமதமானால் போட்டோவை மார்ஃபிங் செய்து உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டியதும் தமிழ்நாட்டில் பலமுறை புகாராக வந்துள்ளது.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களின்படி, கடன் ஆப்கள் போனில் உள்ள படங்கள், காண்டாக்ட் பட்டியல், அழைப்பு விவரம் ஆகியவற்றைத் தொடக் கூடாது. கேமரா, மைக், லொகேஷன் போன்றவற்றுக்கு வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது ஒரு முறை மட்டும், அதுவும் ஒப்புதலோடு அனுமதி உண்டு. 2023 மே இறுதியில் இருந்து கூகுளும் பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் ஆப்களுக்கு இதே போன்ற தடையைப் போட்டுள்ளது. ஆகவே கடன் தருகிறேன் என்று சொல்லி கேலரியைக் கேட்கும் ஆப் எதுவாக இருந்தாலும், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். லிங்க் மூலம் இன்ஸ்டால் செய்யச் சொல்லும் ஆப் என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை என்ற பேச்சு டெல்லியில் இருந்து வந்த புதிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். தமிழ் வாரப் பத்திரிகையான நக்கீரன் தொடர்பான ராஜகோபால் வழக்கில், 1994-லேயே தனிமையில் விடப்படும் உரிமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசிவிட்டது. 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

பிரபலங்கள் தங்கள் முகத்தைக் காக்க நீதிமன்றம் போவதும் பழைய கதை. தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்தியதாக ஓர் இந்திப் படத்துக்கு எதிராக நடிகர் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. சூப்பர் ஸ்டாரின் முகத்துக்குச் சந்தை மதிப்பு உண்டு, வக்கீல் உண்டு. சாதாரண மனிதருக்குக் கீழே உள்ள பிரிவுகள்தான் ஆயுதம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில்:

- 66சி: மற்றவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.
- 66டி: ஆன்லைனில் வேறொருவர் போல நடித்து ஏமாற்றுவது. இதற்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம்.
- 66ஈ: ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளைச் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பது, பரப்புவது. 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.
- 67: ஆபாசப் பதிவு. முதல் முறை என்றால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.
- 67ஏ: பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டும் பதிவு. முதல் முறை 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம்.
- 67பி: 18 வயதுக்கு உட்பட்டவர்கள் தொடர்பான பாலியல் படங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், மறைந்திருந்து படம் எடுப்பது 77-வது பிரிவிலும், பின்தொடர்ந்து தொல்லை தருவது 78-வது பிரிவிலும், மிரட்டிப் பறிப்பது 308-வது பிரிவிலும், குற்ற மிரட்டல் 351-வது பிரிவிலும் வருகின்றன.

இந்தச் சட்டங்கள் ஏட்டில் மட்டும் இல்லை. சமூக வலைதளத்தில் பெண்களிடம் பழகி, படம் எடுத்து, மிரட்டிப் பணம் பறித்த நாகர்கோவில் இளைஞர் 2020-ல் கைதானார். சென்னையைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஒருவர் துணிந்து கொடுத்த புகார்தான் தொடக்கம். 2023 ஜூனில் நாகர்கோவில் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

படத்தை நீக்க எவ்வளவு நேரம்?

2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்தான் இங்கே முக்கியம். அந்தரங்கத்தைக் காட்டும் படம், நிர்வாணப் படம், மார்ஃபிங் படம், ஆள்மாறாட்டம் ஆகியவை பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறு ஒருவரோ புகார் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் சமூக வலைதளம் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லின. நீதிமன்ற உத்தரவு வேண்டாம், எஃப்ஐஆர் வேண்டாம், பாதிக்கப்பட்டவரின் புகார் போதும்.

விதி இருந்தும் நடைமுறை எப்படி இருந்தது என்பதை 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் பார்த்தது. முன்பு பழகியவர் ரகசியமாக எடுத்த அந்தரங்க வீடியோக்கள் இணையத்தில் பரவியதாக ஒரு பெண் வழக்கறிஞர் மனு செய்தார். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி ஜூலை மாதம் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். நீக்கிய வீடியோக்கள் வேறு தளங்களில் மீண்டும் முளைத்தன. ஆவணத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இடம்பெற்றதை நீதிபதி கண்டித்து, நீக்கச் சொன்னார். ஒரு வழக்கறிஞருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் கதி என்ன என்பதுதான் அந்த வழக்கு எழுப்பிய கேள்வி.

அதன் விளைவாக 2025 நவம்பரில் மத்திய அமைச்சகம் ஒரு செயல்பாட்டு நெறிமுறையை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர் காவல் நிலையம், ஒன் ஸ்டாப் சென்டர், தேசிய சைபர் கிரைம் இணையதளம், சம்பந்தப்பட்ட சமூக வலைதளம் என எந்த வாசலையும் தட்டலாம். தேடுபொறிகளும் அந்த லிங்குகளை முடிவுகளில் இருந்து எடுக்க வேண்டும். மீண்டும் பதிவேறாமல் தடுக்க டிஜிட்டல் கைரேகை முறையைப் பயன்படுத்த வேண்டும். 2026 பிப்ரவரியில் விதிகள் மறுபடி திருத்தப்பட்டு, இத்தகைய படங்களை நீக்குவதற்கான கெடு 24 மணி நேரத்தில் இருந்து 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது.

சேலத்தில் நாட்கணக்கில் காத்திருந்த இடத்தில், இன்று சட்டம் மணிக்கணக்கில் பேசுகிறது. ஆனால் புகார் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். பயத்தில் யாரிடமும் சொல்லாமல் இருக்கும் நாட்களைச் சட்டம் எண்ணுவதில்லை.

மிரட்டல் வந்தால் வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. பணம் அனுப்பாதீர்கள், கெஞ்சாதீர்கள். ஒரு முறை கொடுத்தால் நிற்காது. கொடுக்க முடியும் என்று தெரிந்தால் அடுத்த தொகை கேட்பார்கள்.

2. எதையும் அழிக்காதீர்கள். பதற்றத்தில் பலர் முதலில் செய்வது சாட்டை டெலிட் செய்து கணக்கை மூடுவது. ஆதாரமும் அதோடு போய்விடும். மிரட்டல் மெசேஜ், அனுப்பியவரின் யூசர்நேம், போன் நம்பர், பதிவின் லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் லிங்க் ரொம்ப முக்கியம். இதை முடித்த பிறகு பிளாக் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. படத்தில் இருப்பவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், ஆதாரம் என்ற பெயரில்கூட அதை யாருக்கும் ஃபார்வர்டு செய்யக் கூடாது. அத்தகைய படங்களை வைத்திருப்பது, பார்ப்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. லிங்க்கை மட்டும் குறித்துக்கொண்டு நேராகக் காவல்துறையிடம் போங்கள்.

3. அந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். சும்மா 'ஸ்பேம்' என்று போட்டால் வரிசையில் பின்னால் போய்விடும். ஆள்மாறாட்டம், நிர்வாணம் அல்லது சம்மதம் இல்லாத அந்தரங்கப் படம் என்ற சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயிலும் போடுங்கள். அவர் மறுத்தால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

4. தேசிய சைபர் கிரைம் இணையதளம். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்ற பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் பெயர் கொடுத்தால்தான் புகாரின் நிலையைப் பின்தொடர முடியும். மிரட்டலுக்குப் பயந்து பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

5. காவல் நிலையம். "இது எங்க லிமிட் இல்ல" என்று சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு முறையிலும் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கொல்லிமலையில் இருந்து நாமக்கல் வரை இறங்க ஒரு நாள் கூலியை விட வேண்டியவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரிதான் விசாரிக்க முடியும் என்கிறது அந்தச் சட்டத்தின் 78-வது பிரிவு. அதனால் உங்கள் புகார் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு மாற்றப்படலாம். மாற்றட்டும். ஆனால் புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள்.

6. டிஜிட்டல் கைரேகை. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவச சேவை 2021 டிசம்பரில் இருந்து இயங்குகிறது. உங்கள் படம் போனை விட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே அந்தப் படத்துக்கு ஓர் எண் அடையாளம் உருவாகி, அது மட்டும் அனுப்பப்படும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் போன்ற பங்கேற்கும் தளங்களில் அதே படம் ஏறினால் அடையாளம் காணப்படும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற சேவை இருக்கிறது. படத்தை வெகுவாக மாற்றினால் இது தவறவிடலாம், சேராத தளங்களில் வேலை செய்யாது. அதனால் இது புகாருக்குப் பதில் அல்ல, புகாரோடு சேர்த்துச் செய்ய வேண்டியது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

மகளோ தங்கையோ மனைவியோ, சில சமயம் மகனோ வந்து "ஒரு பிரச்சனை" என்று சொல்லும்போது, அவர்கள் ஏற்கனவே பல மணி நேரம் தனியாகப் பயந்துவிட்டுத்தான் வருகிறார்கள். பணம் கேட்டு மிரட்டும் கும்பல்களின் வலையில் ஆண்களும் மாட்டுகிறார்கள். அவமானத்தில் அவர்கள் வாய் திறப்பது இன்னும் குறைவு.

மிரட்டுபவரின் ஒரே மூலதனம், "வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்" என்ற பயம். வீட்டுக்குத் தெரிந்து, வீடு பக்கத்தில் நின்றுவிட்டால் அந்த மூலதனம் அங்கேயே முடிந்துபோகிறது. முகத்தைப் போட்டவர் குற்றவாளி இல்லை, அதைத் திருடியவர்தான் குற்றவாளி. போனைப் பிடுங்கி வைப்பது, படிப்பை நிறுத்துவது, அவசரமாகக் கல்யாணம் பேசுவது எல்லாம் திருடியவனுக்குப் பதிலாகத் திருட்டுக் கொடுத்தவரைத் தண்டிப்பது.

முதலில் சொல்ல வேண்டியது ஒரே வரி. "நான் நம்புறேன், வா போலாம்." எதற்கு போட்டோ போட்ட என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்றால், படம் நீக்கப்பட்ட பிறகு கேட்டுக்கொள்ளலாம். அநேகமாக அப்போது கேட்கத் தோன்றாது.

உதவி எண்கள்

பெண்கள் உதவி எண்: 181
குழந்தைகள் உதவி எண்: 1098
சைபர் நிதி மோசடி: 1930
மன அழுத்தம், தற்கொலை எண்ணம் இருந்தால், டெலி மனஸ்: 14416
தமிழ்நாடு சுகாதார உதவி எண்: 104
சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050

இந்த எண்களை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். அப்படியே வாட்ஸ்அப்பின் பிரைவசி செட்டிங்ஸைத் திறந்து, டிபியை யார் பார்க்கலாம் என்று இருக்கிறது என ஒரு முறை பாருங்கள்.